நாமக்கல்: லாரியை நம்பி எழுந்த ஊர்

சேலத்திலிருந்து கரூர் போகிற வழியில் நாமக்கல்லில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, ஒற்றைப் பாறை மேல் நிற்கும் கோட்டையையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் இந்தத் தடவை போனது லாரிப் பட்டறைகளைப் பார்க்க.

காவிரி ஓடும் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வாழையும் வெற்றிலையும் உண்டு, மற்றபடி மாவட்டத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமிதான். இப்படிப்பட்ட ஊரில் இத்தனை பேருக்கு வேலை எங்கிருந்து வந்தது என்று பட்டறைக்குள் நின்று பார்த்தால் புரிகிறது. எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு இங்கேதான் பாடி கட்டுகிறார்கள். அந்த ஒரு வண்டியைச் சுற்றி வெல்டர், தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீசியன், சீட் தைப்பவர், தெருவைத் தாண்டினால் டயர் ரீட்ரெடிங், தார்ப்பாய்க் கடை, பைனான்ஸ், புக்கிங் ஆபீஸ். கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டவர்கள் இந்தப் பக்கம் நிறைய. சமையல் எரிவாயு டேங்கர் உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கமும் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம் முட்டை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் இங்கே விளைவது போதாது, வெளி மாநிலங்களிலிருந்து வந்தாக வேண்டும். 2013-ல் சேலம்–கரூர் ரயில் பாதை திறந்த பிறகு கூட்ஸ் ரயிலிலும் வருகிறது, ஸ்டேஷனிலிருந்து தீவன ஆலைக்கு மறுபடி லாரிதான். சோளம் உள்ளே வர, முட்டை வெளியே போகிறது, அட்டைக்கு 30 வீதம் அடுக்கி, கேரளாவுக்கும், வளைகுடா நாடுகளுக்குப் போகத் துறைமுகத்துக்கும், நம் சத்துணவுக் கூடங்களுக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளையின் தட்டில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை இருக்கிறதென்றால், திட்டம் போட்டவர்களோடு அதைக் குறித்த நாளில் உடையாமல் கொண்டுபோய் இறக்குகிற டிரைவருக்கும் அதில் பங்கு உண்டு. வளர்ச்சி என்று பேசும்போது நாம் துறைமுகத்தையும் நான்கு வழிச் சாலையையும் சொல்கிறோம், இவரைச் சொல்வதே இல்லை.

டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த ஒரு டிரைவர் அண்ணன், "லோடு ஏத்தி ஓட்டுறது கஷ்டமில்ல தம்பி, போன எடத்துல இறக்கறதுக்குக் காத்துக் கெடக்கறதுதான்" என்றார். ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். குளிக்க, தூங்க சரியான இடம் கிடையாது. தன் மகன் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புவதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. சுங்கச்சாவடிக்குச் சாவடி கழிப்பறையும் குளியலறையும் உள்ள நல்ல லாரி நிறுத்தம் கட்டட்டும், கூடவே இறக்கும் இடத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு டிரைவர் கையில் பணம் கிடைக்கட்டும்.