உள்ளங்காலைப் பார்க்கும் நேரம்

4 மே 2024, சனி

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்கியது. காலை ஆறு மணிக்கே வெக்கை தாங்கவில்லை என்பதால், வேலூர்க் கோட்டை அகழியோரம் நடப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கூட நடக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "சுகர் வந்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான் சார், இல்லையென்றால் நாமெல்லாம் இந்நேரம் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்போம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் நைனாவுக்கும் சர்க்கரை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலையில் இருந்தவர். 1987இல் ஒரு நாள் செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி உள்ளங்காலில் இறங்கியிருப்பது தெரியாமலேயே முழு ஷிப்டும் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சிமெண்டுத் தரையில் இரத்தத் தடத்தைப் பார்த்து அம்மா அலறிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முதலில் கட்டைவிரல் போயிற்று, மூன்றாம் மாதம் முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று. அந்தக் காலைப் பார்த்தவனிடம் வந்து யாரும் இந்த நோயை நல்லது என்று சொல்ல வேண்டாம்.

ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு மனத்தைவிட்டு அகலவில்லை. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து இந்த மாதத்தோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் நான் கேட்காமலே கைக்கு வந்து சேர்ந்தவை சில உண்டு என்பதை மறுத்தால் அதுவும் பொய்யாகிவிடும். அவற்றை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

17 மே 2024, வெள்ளி

ஆண்டுக்கொரு முறை செய்யும் கால் பரிசோதனை இன்று நடந்தது. ஒரு பிடியின் நுனியில் நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது வளையும் அளவுக்கு அழுத்தினால் 10 கிராம் விசை தோலில் படும். கண்ணை மூடிக்கொண்டு, பட்டது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும். இடது பாதத்தில் மூன்று இடங்களில் நான் வாயே திறக்கவில்லை. அங்கே தொட்டதாகவே எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அம்மா என் சுண்டுவிரலருகே இருந்த கால் ஆணியைப் பார்த்துவிட்டு, இதை எதைக் கொண்டு சீவுகிறீர்கள் என்று கேட்டார். தோல் சீவும் கத்தியால் என்று உண்மையைச் சொன்னேன். முப்பத்தோரு வருடம் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவனுக்கு அது கைப்பழக்கம். அவர் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை. அடுத்து, ஒரு தாளின்மேல் என்னை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்து, என் ஷூவை அதன்மேல் வைத்துக் காட்டினார். இரு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது. எட்டாம் நம்பர் கால், ஏழாம் நம்பர் ஷூ! உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சரியான அளவு தொளதொளவென்று தோன்றும், இறுக்கினால்தான் ஏதோ போட்டிருப்பதுபோல இருக்கும் என்று விளக்கினார். ஜெர்மனிக்காரன் காலுக்கு அரை நம்பர் பிசகாமல் ஷூவின் மேல்தோலை வெட்டியவன் என்ற பெருமை எனக்கு இன்றுவரை இருந்தது.

26 மே 2024, ஞாயிறு

இரவு ஒன்பது மணிக்குப் பேத்தி கைக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். வயது எட்டு. முதலில் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகு உள்ளங்காலுக்குக் கண்ணாடியைப் பிடித்து எனக்கும் காட்டுவாள். பாதத்துக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவக்கூடாது என்பதை அவளுடைய பாட்டியைவிட அவளே கண்டிப்பாக வைத்திருக்கிறாள். கடைசியில் நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒரு விநாடி, அழுத்தாமல் தொடுவாள். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டும். "கால ஆட்டாத தாத்தா, நீ எட்டிப் பாக்குற" என்று அதட்டல் வேறு. ஓவியநோட்டில் இரண்டு பாதங்களை வரைந்து வைத்துக்கொண்டு தேதி போட்டுக் குறிக்கிறாள்.

இந்தக் கால் மணி நேரத்தில் அன்றைக்கு நடந்ததெல்லாம் அவள் வாயிலிருந்து வரும். என் மகன் அவள் வயதில் இருந்தபோது நான் வீடு திரும்ப இரவு பத்தாகும், அவன் தூங்கியிருப்பான். அவனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கியதெல்லாம் அவன் அம்மாதான். அவன் கால் என்ன நம்பர் என்று ஒருமுறை கடைக்காரர் போனில் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை.

8 ஜூன் 2024, சனி

புது எம்.சி.ஆர். செருப்பு வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் நுண்துளை ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் கணக்கில் பதினைந்து இருக்கும். நன்றாக அமுங்கி மெல்ல எழும்புகிறது. ஆணி கிடையாது, எல்லாம் பசைதான். நைனாவை நினைத்துக்கொண்டேன்.

இந்தச் செருப்பு நம் ஊர்ச் சரக்கு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்களைக் கிருமி தின்பதில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்பட்டுக் காயப்பட்டுத்தான் விரல்கள் தேய்கின்றன என்று காட்டியவர். அந்தக் கால்களைக் காப்பாற்ற அவரும் கூட இருந்தவர்களும் செருப்புக்குள் எதையெதையோ வைத்துப் பார்த்து வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்று இந்த ரப்பர். பிற்பாடு அமெரிக்கா சென்றபோது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அவர் இதே கதையைக் கண்டார். ராணிப்பேட்டையிலிருந்து, தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரி எத்தனை தூரம்? நைனாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சர்க்கரை. கடைச் செருப்பின் பட்டை அவருக்கு அறுக்கிறது என்றார். நேற்று அவர் பாதத்தை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வரைந்துகொண்டு வந்து, தையல் உள்பக்கம் படாதபடி பட்டைக்குத் தோல் வெட்டினேன். ஓய்வுபெற்ற பிறகு கத்தியைத் தொழிலுக்காகத் தொட்டது இதுதான் முதல் தடவை. கை நடுங்கவில்லை.

19 ஜூன் 2024, புதன்

மதியம் ஒரு மணிக்கு மேல் சாப்பாடு தள்ளிப்போனால் எனக்கு ஆகாது. மாத்திரை அதன் வேலையைச் செய்துவிடும், வியர்க்கும், கை உதறும், அதற்கெல்லாம் முன்பாகக் கோபம் வரும். இன்று கரண்ட் பில் பற்றிய ஒரு சிறு பேச்சில் நான் குரலை உயர்த்த, என் மனைவி பதில் பேசாமல் குளுக்கோமீட்டரை எடுத்து வந்து, "சண்டைய அப்புறம் வச்சிக்கலாம், முதல்ல விரல நீட்டுங்க" என்றாள். 62. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுபடி குத்தினால் 94. கரண்ட் பில்லில் என்ன தகராறு என்பதே எனக்கு மறந்துவிட்டது.

போன மாதம் இதேபோல் ஒருமுறை கத்தியபோது மீட்டர் 148 காட்டியது. "இது சுகர் கோபம் இல்ல, உங்க கோபம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் எங்கள் சண்டைக்கு இப்படி ஒரு நடுவர் கிடைத்ததில்லை.

6 ஜூலை 2024, சனி

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை (HbA1c) 7.1 சதவீதம். தொடக்கத்தில் 9.4 இருந்தது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை.

ஆற்காட்டில் ஒரு கல்யாணம். முன்பெல்லாம் மூன்றாவது மக்கான் பேடாவை வேண்டாமென்றால் பெண் வீட்டார் முகம் சுருங்கும். "சுகர்" என்ற ஒரு சொல்லுக்கு இப்போது பந்தி பரிமாறுகிறவரே விலகிப் போகிறார். பாதி பேடா வாங்கிக்கொண்டேன், அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்தேன். அதை அத்தனை நேரம் மென்று, உள்ளே வைத்த முந்திரியையும் உலர்திராட்சையையும் நாக்கில் பிரித்தறிந்து சாப்பிட்டது அறுபத்து மூன்று வயதில் இதுவே முதல் தடவை. கேழ்வரகுக் களி எத்தனை உருண்டையும் தின்னலாம் என்று பக்கத்து இலைக்காரர் உபதேசம் செய்தார். மூன்று உருண்டை தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவரே விரலைக் குத்திப் பார்க்கட்டும்.

29 ஜூலை 2024, திங்கள்

ஆடிக் கிருத்திகை. இருபது வருடமாக இரத்தினகிரி முருகன் மலைக்கு வெறுங்காலோடு ஏறியவன், மூன்று வருடமாகப் போகவில்லை. உச்சி வெயிலில் கல் எப்படிக் கொதிக்கும் என்பது தெரியும். கொப்புளம் வந்தாலும் என் இடது பாதம் சொல்லாது என்பதும் தெரியும். இந்த முறை விடியுமுன், கல் குளிர்ந்திருக்கும் வேளையில், இரத்தம் கசிந்தால் உடனே தெரியட்டும் என்று வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு மூவருமாக ஏறினோம். எங்களைத் தாண்டி மயில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. தரிசனம் நன்றாக ஆயிற்று.

கீழே வந்ததும் வேப்பமரத்தடியில் என்னை உட்காரவைத்துப் பேத்தி காலுறையைக் கழற்றினாள். இடது காலின் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே, கொத்தமல்லி விதை அளவில் ஒரு சரளைக்கல். எந்தப் படியில் உள்ளே போயிற்றோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். தோல் கிழியவில்லை, சற்றே குழிந்து சிவந்திருந்தது. என் மனைவி அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்; ஒன்றும் பேசவில்லை.

இரவு ஓவியநோட்டைத் திறந்து பார்த்தேன். இடது பாதத்தில் கறுப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் அவள் கையெழுத்து: "கல்லு. தாத்தாவுக்குத் தெரியல."