ஆர்ட்டெமீசியாவின் மெழுகுவத்தி வெளிச்சம்: யூதித்து படத்தைப் பிரதி எடுக்கிறேன்

படத்தின் அடிப்பூச்சும் நிழல் பகுதிகளும் முடிந்துவிட்டன. முகமும் கையும் பாதியில் நிற்கின்றன. மஞ்சள் உடையை இன்னும் தொடவே இல்லை.

பிரதி எடுப்பது இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி சுமார் 1623-25இல் வரைந்த, இப்போது அமெரிக்காவின் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் படம். கதை கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் யூதித்து நூலில் வருகிறது. சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் இந்த நூல் கிடையாது. பெத்தூலியாவை முற்றுகையிட்ட அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரினின் கூடாரத்துக்குப் போன யூதித்து, குடித்து மயங்கிக் கிடந்தவனின் தலையை வெட்டி எடுத்துவருகிறாள்.

வெட்டும் காட்சியையே ஆர்ட்டெமீசியா வரைந்த இரண்டு படங்கள் நேப்பிள்ஸிலும் புளோரன்ஸிலும் இருக்கின்றன. எல்லோரும் பேசுவது அவற்றைப் பற்றித்தான். அவரைப் பாலியல் வன்கொடுமை செய்த ஓவியர் மீது 1612இல் நடந்த வழக்கையும் அவர் பட்ட கொடுமையையும் சேர்த்தே அந்தப் படங்களைப் படிக்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சில் அவருடைய கைத்திறன் பின்னால் போய்விடுகிறது என்பது என் வருத்தம். டெட்ராய்ட் படத்தில் கொலை முடிந்துவிட்டது. பணிப்பெண் குனிந்து தலையைப் பைக்குள் திணிக்கிறாள். வெளியே ஏதோ சத்தம் கேட்டதுபோல இருவரும் அப்படியே நிற்கிறார்கள். யூதித்தின் ஒரு கையில் வாள்; இன்னொரு கை மெழுகுவத்தியை மறைக்கிறது. அந்தக் கையின் நிழல் அவள் முகத்திலேயே விழுகிறது. இதற்காகத்தான் இந்தப் படத்தை எடுத்தேன்.

மூலப்படம் ஏறக்குறைய 184 செ.மீ. உயரம், 142 செ.மீ. அகலம். என்னிடம் இருந்தது 18க்கு 24 அங்குல கேன்வாஸ். விகிதம் சரியாக வர, உயரத்தில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக டேப் ஒட்டி ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கிய அந்தப் பட்டைதான் இப்போது நிறம் கலந்து பார்க்கும் இடம்.

வெள்ளைக் கேன்வாஸில் இந்த மாதிரிப் படத்தை ஆரம்பிக்கவே கூடாது. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து முழுவதும் பூசி, துணியால் துடைத்துவிட்டேன். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு அப்படியல்ல, நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதனால் பின்னணி இருட்டை அம்பரோடு கொஞ்சம் அல்ட்ராமெரின் நீலம் கலந்துதான் கொண்டுவந்தேன். கறுப்பை விட ஆழமாகவும் தெரிகிறது.

அப்புறம் அந்தக் கை. திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் நிழல் ஏன் அந்த வடிவில் விழுகிறது என்று பிடிபடவில்லை. சரி, வைத்தே பார்த்துவிடுவோம் என்று, இரவில் விளக்கை அணைத்து மேசையில் மெழுகுவத்தி ஏற்றி அக்கா மகளை நிற்க வைத்தேன். கை சுடருக்கு அருகில் இருந்தால் நிழல் பெருத்து முகம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது, ஓரமும் மங்கிப்போகிறது. முகத்துக்கு அருகே கொண்டுபோனால் விரல்கள் தனித்தனியாக, கறாராக விழுகின்றன. ஆர்ட்டெமீசியாவின் படத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை: முகத்தின் பெரும்பகுதி இருட்டு, மிச்சத்தில் பிறை போல வளைந்த ஒரு வெளிச்சம். “மாமா, கை மரத்துப் போச்சு, இன்னும் எவ்ளோ நேரம்?” என்று அவள் கேட்பதற்குள் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

அதில் இன்னொன்றும் தெரிந்தது. விரல்களின் ஓரத்தில் ஒளி ஊடுருவிச் சிவக்கிறது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு துளி அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பைச் சேர்த்து விரல் விளிம்பில் மெல்லிசாக இழுத்ததும், என் படத்தில் அதுவரை சாயம் பூசிய கட்டைபோல் இருந்த கை கையானது.

அடுத்தது உடை. அந்தக் கால ஓவியர்கள் ஈயமும் தகரமும் சேர்ந்த ஒரு மஞ்சளைப் பயன்படுத்தினார்கள். ஈயம் இருப்பதால் வீட்டில் அதை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. காட்மியம் லெமன் என்ற எலுமிச்சை மஞ்சளில் வெள்ளையும், யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும் கலந்தால் கிட்ட வருகிறது. மடிப்புகளின் நிழலுக்கு ஓக்கரில் கறுப்பைக் கலந்தால் பாசிப்பச்சை அடிக்கிறது, பட்டையிலேயே பார்த்தாயிற்று. அம்பர்தான் சரி. கீழ்ப்பூச்சை விட மேல்பூச்சில் லின்சீட் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு பூச்சில் விரிசல் விழும். அதனால் முகம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மஞ்சளைத் திறப்பேன்.