9 கிலோமீட்டருக்கு 400 ரூபாய்: சாயல்குடிப் பக்கம் ஒரு வத்தல் பயணம்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் போகவேண்டிய ஊர் 9 கிலோமீட்டர். ஆட்டோவுக்குக் கொடுத்தது 400 ரூபாய். 500-ல் ஆரம்பித்தவரை மொட்டை வெயிலில் கால் மணி நேரம் நின்று பேசி இறக்கினேன் என்பது ஒன்றுதான் ஆறுதல். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பாசஞ்சர் ரயிலில் வந்ததற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

"ஏண்ணே, இது அநியாயமா இல்ல?" என்றேன். ஆள் கோபப்படவே இல்லை. "போறப்ப நீங்க இருக்கீக சார். வாரப்ப காத்தைத்தான் ஏத்திக்கிட்டு வரணும். அந்தக் காத்துக்கும் சேத்துத்தான் கேக்குறேன்."

இரண்டு நாளுக்கு மொத்தமே 1,500 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவன் நான். காத்துக்கே 200 போய்விட்டது.

போனது கோயிலுக்கும் இல்லை, கடல் பார்க்கவும் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் வருஷா வருஷம் ஊரிலிருந்து ஒரு பை முண்டு வத்தல், அதாவது குண்டு மிளகாய் வத்தல், கொண்டுவந்து தருவான். எங்கள் வீட்டுக் குழம்பின் நிறமே அதனால்தான். "பங்குனியில வாடா, ஊரே செவப்பா கெடக்கும்" என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டான். இந்தத் தடவை போய்விட்டேன்.

ஆட்டோ பிடிக்க நேர்ந்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய பஸ். ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கும்போதே பாதி ரயில் உட்கார்ந்தேதான் இருந்தது. எல்லாருக்கும் ராமேஸ்வரம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயிலிலேயே தீவுக்குள் போகலாம், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கடலைத் தாண்டலாம். சாயல்குடிக்கு எவன் போவான்? நானும் இன்னும் நாலைந்து பேரும் போனோம்.

அந்த பஸ்ஸைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லவேண்டும் என்றால், அதற்கு ஹாரன் நன்றாக வேலை செய்தது. என் ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சீட்டு ஒரு பக்கம் சரிந்து, பக்கத்தில் இருந்த பெரியவர் மடியில் நான் உட்காராத குறை. கீழக்கரை வரைக்கும் சமாளித்துவிட்டேன். ஏர்வாடியில் தர்காவுக்கு வந்த கூட்டம் ஏறி இறங்கவே இருபது நிமிஷம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் 'டப்' என்றது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை. எதிரே வந்த உப்பு லாரிக்காரரிடம் இரவல் வாங்கி மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழுவழு என்று கிடக்கிறது. ரோட்டைப் போட்ட அக்கறையில் கால்வாசி வண்டி மேலும் இருந்திருக்கலாம்.

விளைவு, சாயல்குடியிலிருந்து ஊருக்குள் போகும் மத்தியான பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம் ஐந்தரைக்கு. அதனால்தான் அந்த 400.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டே மரம்தான் கண்ணில் படும். ஒன்று பனை, இன்னொன்று சீமைக்கருவேலம். அப்புறம் வெடித்துக் கிடக்கும் கரிசல். 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லிச் சொல்லியே இந்த மாவட்டத்தை அரசு ஊழியர்களுக்குப் பூச்சாண்டி ஆக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கும் அந்த நினைப்புத்தான் இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் ஆட்டோக்காரரே வேகத்தைக் குறைத்தார். ரோட்டின் பாதி அகலத்துக்கு, ஒரு நூறடி நீளத்துக்கு, மிளகாய்ப் பழம் பரப்பிக் கிடந்தது. அப்படி ஒரு சிவப்பை நான் பட்டுச் சேலையில்கூடப் பார்த்ததில்லை. "மேல ஏத்துனா உள்ள இருக்க அத்தனை பேரும் கம்போட வந்துருவாக" என்று வண்டியைக் கருவேல முள்ளை ஒட்டி உருட்டினார். எனக்கு இறங்கும்வரை தும்மல் நிற்கவில்லை.

நண்பனின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தம்பி. ஆட்டோவா? எம்புட்டு கேட்டான்?" நான் சொன்னேன். "நானூறா? சரி, உள்ளூர்க்காரன்னா முந்நூறு." அவ்வளவுதான் வித்தியாசம்!

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளமான சம்பா வத்தல் மாதிரி இருக்காது. குண்டாக, தோல் தடிமனாக, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருக்கும். வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசத்திலிருந்து சித்திரை வரைக்கும் பழம் எடுக்கிறார்கள். எடுத்ததை உடனே காய வைப்பதில்லை. ஒன்றிரண்டு நாள் குவித்துப் போட்டால் அரைப் பழமும் முழுக்கச் சிவக்குமாம். அப்புறம்தான் களத்தில் பரப்பல். ராத்திரி பனி விழுந்தால் போச்சு, தோல் வெளுத்துவிடும். அதற்காக அந்தி சாய்ந்ததும் மொத்தத்தையும் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் மறுபடி பிரிக்கிறார்கள். இப்படி ஒரு வாரம், பத்து நாள்.

அப்பத்தா ஒருத்தி களத்து ஓரம் காலை நீட்டி உட்கார்ந்து வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளுத்த சோடை ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே விதை 'கலகல' என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நானும் ஒன்றை எடுத்து ஆட்டினேன், கிலுகிலுப்பை மாதிரியே இருந்தது. ஆட்டிய கையால் கண்ணைத் தொட்டுத் தொலைத்தேன். அடுத்த அரை மணி நேரம் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. "மருதக்காரவுகளுக்கு இதெல்லாம் ஆவாதுய்யா" என்று அப்பத்தா நல்லெண்ணெய் கொண்டுவரச் சொல்லிக் கையில் தேய்த்துவிட்டாள்.

விலை என்ன என்று கேட்டேன். அதற்கு நேரான பதில் வரவில்லை, நண்பனின் அப்பா வண்டிக் கதையை ஆரம்பித்துவிட்டார். ஊரில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பிடித்துத்தான் வத்தல் மூட்டையைப் பரமக்குடிக்குக் கொண்டுபோகவேண்டும். நாலு மூட்டைக்குத் தனி வாடகை கட்டாது என்பதால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஏற்றுவார்கள். கமிஷன் கடையில் இறக்குகூலி, எடைகூலி, தரகு. சாக்குக்கென்று ஒரு கழிவு. மாதிரி பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு ஒரு கை அள்ளுவது கணக்கிலேயே வராது.

"வெல படியலைன்னா கொண்டாந்துற வேண்டியதுதான ஐயா?"

"கொண்டாரலாம். அதுக்கும் வாடக உண்டுல்ல? அடுத்த வாரம் திரும்பக் கொண்டுபோனா அதுக்கும் உண்டு. அதனால என்னா, அவன் சொன்னதுதான் வெல. குளிர்க்கிட்டங்கில போட்டு வைக்கலாம்னு சொல்றாக. போட்டா, பொண்ணு பீசுக்கு எவன் குடுப்பான்?"

எனக்கு ஆட்டோக்காரரின் காத்துக் கணக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு நடை. காலை ஆறேகாலுக்கு வருவதுதான் உயிர் நாடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள், ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் விற்கப் போகிற ஆச்சிகள் எல்லாம் அதில்தான். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பது மதுரையில் எனக்குச் செய்தியாகத்தான் தெரியும். இங்கே ஒரு அக்கா சொன்னார்: "முன்னெல்லாம் ரெண்டு கிலோ கருப்பட்டிக்காக சாயல்குடி போனா பஸ்ஸுக்குப் போக என்னா மிஞ்சும்? இப்ப ரெண்டு கிலோன்னாலும் போறோம்ல." இதை 'ஓசி' என்று நக்கலடிக்கிறவர்கள் ஒரு நாள் அந்த ஆறேகால் பஸ்ஸில் நின்றுகொண்டு வரட்டும்.

இனிமேல் சாப்பாடு. காலையிலேயே மூக்கையூர்ப் பக்கமிருந்து டிவிஎஸ் 50-ல் மீன்பெட்டி வந்துவிடுகிறது. வண்டிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே தெரு முழுக்க வருவார், வீட்டுக்கு வீடு சட்டியோடு வெளியே வருவார்கள். நண்பனின் அம்மா சூடை மீன் வாங்கியிருந்தார். முந்தின வருஷத்து முண்டு வத்தலை வெறுமனே ஊறவைத்து, மல்லி, சீரகம், சின்ன வெங்காயத்தோடு அம்மியில் அரைத்தார். மிக்ஸி இருக்கிறது, ஆனால் "அதுல அரைச்சா தோலு தனியா மெதக்கும்" என்கிறார். புளியைக் கரைத்து மண்சட்டியில் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, இரண்டு கொதியில் இறக்கிவிட்டார். குதிரைவாலிச் சோறு. தோல் தடித்த மிளகாய் என்பதால் குழம்பு தேங்காய் இல்லாமலே கெட்டியாக நிற்கிறது. நிறத்தைப் பார்த்துப் பயந்தேன், ஆனால் காரம் நாக்கைச் சுடவில்லை, மெதுவாகத் தொண்டையில் போய் உட்கார்ந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மதுரையில் 'ராம்நாடு மீன் குழம்பு' என்று எழுதிப் போட்டு 180 ரூபாய் வாங்குகிற கடைகள் இனிமேல் என்னிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு சும்மா கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. சாயங்காலம் நண்பனின் தங்கை நாலு சக்கரத் தள்ளுவண்டியோடு கிளம்பினாள். இந்த வண்டியை வேறு மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. இரும்புச் சட்டத்தில் குடம் உட்காருவதற்கென்றே வட்டம் வட்டமாகக் கம்பி வளைத்து, கீழே சின்னச் சக்கரம். ஆறு குடம் உட்காரும். 2009-ல் வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய் ஊருக்குள் இருக்கிறது, அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரம் வால்வில் கசிகிற இடத்தில் வரிசை. வீரமாக "நான் தள்ளுறேன்" என்று வாங்கி, திரும்பும்போது ஒரு பள்ளத்தில் விட்டு ஒன்றரைக் குடத்தைக் கவிழ்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஆட்டோவுக்குக் கொடுத்த 400-ஐவிட அதுதான் உறுத்தியது.

மறுநாள் விடியற்காலை பதநீர், பனையோலைப் பட்டையில். சுண்ணாம்பு வாசனையோடு, இன்னும் சில்லென்று. இரண்டு பட்டை குடித்தேன், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். தூரத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வெள்ளாமை பொய்த்த வருஷத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி மண்ணைப் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அந்த மரத்தைத் திட்டுகிறவர்களும் அதை வெட்டித்தான் கஞ்சி குடிக்கிறார்கள்.

ஆறேகால் பஸ் ஆறரைக்கு வந்தது. அம்மா மூன்று கிலோ வத்தலைப் பையில் கட்டிக் கொடுத்திருந்தார். காசு கொடுக்கப்போய்த் திட்டு வாங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பையன் மூன்று தடவை தும்மினான். கண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லக்கேஜ் போடாமல் விட்டுவிட்டார்.

சாயல்குடியில் இறங்கினால் அதே ஆட்டோ, அதே அண்ணன். பின் சீட்டில் இரண்டு வத்தல் மூட்டை ஏறியிருந்தது.

"என்ன சார், பஸ்லயே வந்துட்டீக?" என்றவர் என் பையை மோந்து பார்க்கிற மாதிரி குனிந்தார். "முண்டா? எம்புட்டுக்கு வாங்குனீக?"

"சும்மா குடுத்தாங்க."

"எத்தன கிலோ?"

"மூணு."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப ஆட்டோக் காசு வந்துருச்சு, போங்க."