எல்லையோரப் பள்ளியிலிருந்து: நுழைவுத் தேர்வுக் கால நாட்குறிப்பு, 2025

பிப்ரவரி 11, செவ்வாய்

நீட் விண்ணப்பம் 7-ஆம் தேதி திறந்ததிலிருந்து எங்கள் கொழிஞ்சாம்பாறையில், கேரள அரசின் இணையச் சேவை தரும் அக்ஷயா மையங்களில் கூட்டம் குறையவில்லை. பள்ளியில் மேற்படிப்பு வழிகாட்டல் பொறுப்பு என்னிடம் இருப்பதால், விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை காட்டிவிட்டுப் போகுமாறு ப்ளஸ் டூ பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். இன்று ஒரு மாணவி தன் தாயாரோடு வந்தாள். தேர்வு மையம் பாலக்காடு என்பதில் குழப்பமில்லை. வினாத்தாள் மொழியில்தான் சந்தேகம்.

“ஏனுங்க டீச்சர், பத்தாவது வரைக்கும் தமிழ்லதான படிச்சா? பரிச்சையும் தமிழ்லயே எழுதட்டுமேங்க” என்றார் தாயார்.

நியாயமான கேள்வி. நீட் தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது, அவற்றுள் தமிழும் உண்டு. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மையங்களில் மட்டுமே கிடைக்கும். கேரள மையங்களில் ஆங்கிலம், இந்தி, உருது, மலையாளம் ஆகியவைதான். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தலைமுறைகளாகத் தமிழ் வழிப் பள்ளிகள் நடப்பதும், வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம் என்பதும் இந்த விதியை வகுத்தவர்களின் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. விதி எனக்குப் பிடிக்காவிட்டாலும், அந்த மாணவிக்கு ஆங்கிலத்தையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளாக அவள் படித்த பாடநூல்கள் ஆங்கிலம். மேலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்று தேர்வு விதியே சொல்கிறது. தாயார் தலையசைத்தார், ஒப்புக்கொண்டாரா என்பது வேறு.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று முழுக்கச் சான்றிதழ் விசாரணை. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் 1,600, பட்டியல் சாதி, பழங்குடி மற்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. பிற்படுத்தப்பட்டோர் என்று குறிப்பதற்கு அந்தச் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதும், வாங்கும் சான்றிதழில் ‘கிரீமி லேயர் அல்லாதவர்’, அதாவது வசதி படைத்த மேல்தட்டைச் சேராதவர், என்ற குறிப்பு வேண்டும் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. தாய் பொள்ளாச்சிப் பக்கம், தகப்பன் இந்தப் பக்கம் என்று அமைந்த குடும்பங்களில் எந்த மாநிலத்துத் தாளைக் கொண்டுபோவது என்ற வாக்குவாதம் வேறு.

மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி இன்றும் கேட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் சட்டமாக்கப்பட்ட ஒதுக்கீடு அது. வீட்டில் தமிழ் பேசுவதாலோ, அத்தை வீட்டு முகவரி கிணத்துக்கடவில் இருப்பதாலோ அது கிடைத்துவிடாது. இல்லை என்பதை இல்லை என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிடுவதும் என் வேலையில் சேர்த்திதான்; ஜூனில் சொன்னால் அதன் பெயர் ஏமாற்றம்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. நீட் எழுதினால் போதும் என்றே எல்லாரும் இருக்கிறார்கள். கேரளத்தில் எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல, ஆயுர்வேதம், ஹோமியோபதி, வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், வனவியல் ஆகியவற்றின் மாநிலத் தரவரிசையில் இடம்பெறவும் நுழைவுத் தேர்வு ஆணையரிடம், கீம் என்று சொல்லப்படும் மாநில நுழைவு விண்ணப்பத்தைத் தனியே போட்டிருக்க வேண்டும். அந்த விண்ணப்பம் 20-ஆம் தேதிதான் திறந்தது. வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

பொதுத் தேர்வு முடிந்தாயிற்று. விருப்பமுள்ளவர்களைக் காலையில் வரவழைத்து வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகலில் பயிற்சி கொடுத்தேன். சென்ற ஆண்டு வரை 200 வினாக்களில் 180-க்கு விடையளிக்கலாம், 200 நிமிடங்கள் உண்டு. இந்த ஆண்டு அந்தச் சலுகை போய்விட்டது: 180 வினாக்களும் கட்டாயம், நேரமும் 180 நிமிடம்தான். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 720.

ஆங்கில வினாவைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. பிப்ரவரியில் வந்த அந்த மாணவி உயிரியல் வினாக்களை விரலால் வரி தொட்டு இரண்டு முறை வாசிக்கிறாள். பாடம் அவளுக்குத் தெரியும். ‘பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது’ என்ற வகை வினாவில், ‘தவறான’ என்பதைக் கவனிக்காமல் முதல் சரியான கூற்றைக் குறித்துவிடுகிறாள். ஆகவே எதிர்மறைச் சொல்லை வினாத்தாளில் வட்டமிட்டுவிட்டுப் பிறகு விடையைத் தேடும் பழக்கத்தை ஏற்படுத்தினேன். மற்றொரு பையன் விடைகளை வினாத்தாளிலேயே குறித்து வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக வட்டங்களை நிரப்பினான். ஒரு வினாவை விட்டுவிட்டதால் அதற்குப் பின் வந்தவை அத்தனையும் ஒரு வரி தள்ளி விழுந்தன. பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிக்கொண்டே போகச் சொன்னேன். உயிரியலை முதலில் முடிக்கலாமா என்று கேட்டார்கள். முடிக்கலாம், ஆனால் 50 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இயற்பியலில் கணக்குகள்தான் நேரத்தைத் தின்னும்.

இலவசப் பயிற்சியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேரள அரசின் கைட் நிறுவனம் ‘கீ டு என்ட்ரன்ஸ்’ என்ற பெயரில் இணைய வழிப் பயிற்சி தருகிறது. ஆனால் வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பனாரோடு தோப்புக்குப் போய்விடுகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு பையன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது என்று அவன் தாயார் தொலைபேசியில் சொன்னார். மாலையில் வீட்டுக்கே போனேன். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து, வந்த உறவினரிடமெல்லாம் “எம்பையன் டாக்டருக்குப் படிக்கறானுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்பில்தான் சொல்கிறார், ஆனால் உள் அறையில் இருப்பவன் காதில் அது எப்படி விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைத் தனியே அழைத்து, தேர்வு முடியும் வரை இந்தப் பேச்சை நிறுத்தச் சொன்னேன். பையனிடம் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. இரவு பதினொன்றுக்கு மேல் புத்தகம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி, மனம் விட்டுப் பேசக் கேரளத்தின் திஷா உதவி எண் 1056, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம் என்றதும் தாயார் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பள்ளியில் வளரிளம் பருவத்தினருக்கான ‘சௌஹ்ருத’ கிளப் இருக்கிறது. ஆனால் விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும்போதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது.

மே 4, ஞாயிறு, இரவு

தேர்வு முடிந்தது. பகல் ஒன்றரை மணிக்கு மேல் வாயில் மூடப்படும் என்பதால் பிள்ளைகள் காலை பத்தரைக்கே பாலக்காடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அரைக்கை உடை, சாதாரணச் செருப்பு, ஒளி ஊடுருவும் தண்ணீர்ப் புட்டி, அஞ்சலட்டை அளவுப் புகைப்படம், எதுவும் விடுபடவில்லை. உலோகம் எதுவும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால், அந்த மாணவியின் திருகு மூக்குத்தியை நேற்றே ஆசாரியிடம் கொண்டுபோய்க் கழற்றியிருக்கிறார்கள். வாசலில் நின்று கழற்ற முயன்று மூக்கு புண்ணான பெண்களை முந்தைய ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன்.

இயற்பியல் மிகக் கடினம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். விடைக் குறிப்பை வைத்து இன்றே மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கேட்கமாட்டார்கள்.

மே 22, வியாழன்

ப்ளஸ் டூ முடிவுகள் வந்தன. மோசமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நீட் முடிவு. பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பதை இன்று வந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. அந்த மாணவி தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு அந்த மதிப்பெண் போதாது.

“இன்னொரு வருசம் கோச்சிங் போட்டுடலாமுங்களா, டீச்சர்? திரிசூர்ல நல்லாருக்குதுங்கறாங்க” என்றார் தகப்பனார். ஆண்டுக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்தால் அவர் தோப்பு வேலையில் சேர்த்ததற்கு மேல் கடனும் வாங்க வேண்டியிருக்கும். மறுமுறை எழுதுவதே தவறு என்று நான் சொல்பவள் அல்ல. மயிரிழையில் தவறவிட்ட பிள்ளைக்கு அது பொருந்தும். ஆனால் எங்கள் ஊரில் அது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்வதற்காக வாங்கும் ஓராண்டு அவகாசமாகவே இருக்கிறது. கீம் விண்ணப்பம் போட்டிருந்ததால் வேளாண்மையும் மீன்வளமும் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன, பி.எஸ்சி. நர்சிங்குக்குக் கேரளத்தில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை, அந்தச் சேர்க்கையை நடத்தும் எல்.பி.எஸ். மையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். வெள்ளானிக்கரையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது என்றதும், அதுவரை தலை நிமிராமல் இருந்தவள், “அங்க என்ன படிப்பாங்க, டீச்சர்?” என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம்.

ஜூலை 11, வெள்ளி

கீம் பொறியியல் தரவரிசை 1-ஆம் தேதி வந்தது. 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய சூத்திரத்தின்படி நேற்று புதிய பட்டியல் வந்துவிட்டது. கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு 5:3:2 என்று கடைசி நேரத்தில் மாற்றியதே வழக்குக்குக் காரணம். புதிய பட்டியலில் மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் பலர் பின்னுக்குப் போனார்கள். எங்கள் பையன் ஒருவனும் அவர்களில் ஒருவன். சூத்திரத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்பதைவிட, விளையாட்டின் விதியை ஆட்டம் முடிந்தபின் மாற்றியதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தமிழ்நாடு 2007-லேயே பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை விட்டுவிட்டு ப்ளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கிறது. “நாம ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பொறந்திருக்கலாம்” என்று பையன் சொன்னதற்கு என்ன பதில் சொல்ல!

ஜூலை 27, ஞாயிறு

உச்ச நீதிமன்றம் 25-ஆம் தேதி அளித்த தீர்ப்பைப் படித்தேன். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனி வகுப்புகளாகப் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னும் அவமானப்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆலோசகர் பிள்ளையின் மொழியைப் பேச வேண்டும் என்பதை எங்களைப் போன்ற பள்ளிகள்தான் நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தலைமையாசிரியையிடம் பேசி, பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தை ஆகஸ்டிலேயே வைக்க ஒப்புதல் வாங்கினேன். ப்ளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுத்தால் எந்தத் தேர்வெல்லாம் எழுதலாம், ஆங்கிலப் பாடநூலுக்கு மாறும் கோடை விடுமுறையில் என்ன செய்யலாம், எந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கலாம் என்பதே பேச்சு. தோப்பு வேலை முடிந்து வருபவர்களுக்கு வசதியாக நேரத்தை மாலை ஐந்தரைக்கு வைத்திருக்கிறோம். அழைப்புக் கடிதம் தமிழில் தட்டச்சாகிவிட்டது. நாளை நகல் எடுக்க வேண்டும்.