மாமாவும் 11.5 மில்லிமீட்டரும்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில், கலப்பு இணையர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுப் டிகெச், சாதாரண மூக்குக் கண்ணாடியும் டீ-சட்டையுமாக, ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நாளிதழ் இரவல் கேட்க வந்தவர்போல் நின்று சுட்ட படம் உலகெங்கும் பரவியபோது, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் தாய்மாமாவின் கைப்பேசிக்கும் அது வந்து சேர்ந்தது. மற்றவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். மாமா சிரிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கி, அந்த மனிதர் பாதம் வைத்திருக்கும் கோணத்தை ஆராய்ந்துவிட்டு, "51 வயசு தம்பி. நிக்கிறார், சுடுறார். இதுல நமக்கு முடியாதது என்ன இருக்கு?" என்று கேட்டார். நில அளவைத் துறையில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், கோணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள்.

மாமாவுக்குக் கார் ஓட்டும் கடமை என்னுடையது என்பதால், துப்பாக்கி சுடும் தொடக்கநிலைப் பயிற்சியில் அவருடன் என்னையும் சேர்த்துவிட்டார். முதல் வகுப்பு முழுவதும் பாதுகாப்பு விதிகளிலேயே கழிந்தது. குழல்வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் வண்ணக் கயிறு ஒன்று செருகியிருக்க வேண்டும். கட்டளை வரும்வரை விரல் விசையின் மேல் போகக் கூடாது. பெல்லட் என்னும் சிறு குண்டு ஈயத்தால் ஆனது என்பதால் கையைக் கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரரான எங்கள் பயிற்றுநர், துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகலாமா என்று மாமா கேட்டபோது, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே என்பதையும், உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் மிகப் பணிவாக விளக்கினார். பொம்மைத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளலாமா என்று மாமா அடுத்துக் கேட்டார். அசலைப் போன்ற போலியும் அதே சட்டத்தில் சிக்கல்தான் என்று பதில் வந்தது.

ஆகவே மாமா தண்ணீர்ப் போத்தலுக்கு வந்தார். போட்டித் துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நாங்கள் பழகியது ஏறத்தாழ ஒரு கிலோ இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோதான் என்பதால், காலை பூசை முடிந்த கையோடு மாமா கூடத்தின் நடுவில் பக்கவாட்டாக நின்று, போத்தலை நீட்டிய வலக்கையில் ஏந்தி, எதிர்ச்சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் தேதியைக் குறிபார்க்கத் தொடங்கினார். இந்தப் போட்டியில் ஒரு கையால் மட்டுமே துப்பாக்கியைப் பிடிக்கலாம் என்பதால், சும்மா இருக்கும் மறுகை ஊசலாடி உடலை அசைக்காமல் இருக்க அதை எங்காவது நிலையாகச் செருகி வைக்க வேண்டும். டிகெச் பைக்குள் கை விட்டிருந்தது ஒய்யாரத்துக்காக அன்று, இந்தக் காரணத்துக்காகத்தான். ஆனால் மாமா வீட்டில் கட்டுவது கைலி. கைலியில் பை ஏது? இடக்கையை இடுப்பு மடிப்பில் செருகிப் பார்த்தார். கை நிலைத்தது, கைலி நிலைக்கவில்லை.

பாதுகாப்பு விதியைப் போத்தலுக்கும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தை அடுக்களையில் இருந்து தேநீரோடு குறுக்கே வரும்போதெல்லாம் போத்தலைத் தாழ்த்தி, "தளத்துல ஆள் நடமாட்டம்" என்று அறிவிப்பார். அத்தை தேநீரை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். விசையை அழுத்தத் தேவைப்படும் பாரம் குறைந்தது 500 கிராம் என்று கேள்விப்பட்ட நாளில், அரைக் கிலோ துவரம்பருப்பை நெகிழிப் பையில் போட்டு ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்பதை விரலுக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தார். "ஏங்க, சாம்பாருக்குப் பருப்பு வேணும்" என்று அத்தை சொன்னதற்கு, இன்னும் இரண்டு நிமிடம் என்று பதில் கிடைத்தது.

உண்மையான தகராறு கண்ணில்தான் தொடங்கியது. துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு சதுரப் பிளவு இருக்கும், அது பின்குறி. குழலின் முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு கட்டை முன்குறி. பிளவின் நடுவில் கட்டை நிற்க வேண்டும், இருபுறமும் வெளிச்சம் சமமாகத் தெரிய வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதுவரை மாமாவுக்கு மறுப்பே இல்லை. ஆனால் மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும் என்பதால், பார்வையை முன்குறியிலேயே நிறுத்திவிட்டு, பத்து மீட்டருக்கு அப்பால் இலக்கு அட்டையில் இருக்கும் கறுப்பு வட்டத்தை மங்கலாகவே விட்டுவிட வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னதும், மாமாவின் முகம் மாறிவிட்டது. ரப்பர்த் தோட்டங்களிலும் சதுப்பு நிலங்களிலும் கோணம் அளக்கும் தியோடொலைட் கருவியின் தொலைநோக்கி வழியாகத் தூரத்துக் கோலின் கோடுகளைத் தெளிவாக்கித் தெளிவாக்கியே சம்பளம் வாங்கியவர் அவர். இலக்கு மங்கினால் அளவீட்டையே திரும்ப எடுத்துப் பழகியவரிடம் போய், மங்கலே சரி என்று சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வார்? "எதைச் சுடுறோமோ அதைப் பார்க்கக் கூடாதாம். என்ன நியாயம் தம்பி இது?" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்பினார்.

அன்று மாலை, மின்கட்டணப் பட்டியலின் பின்புறத்தில் அவர் போட்ட கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரு குறிகளுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து மீட்டர் என்பது அதைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு. பிளவுக்குள் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், பெல்லட் இலக்கில் முப்பது மில்லிமீட்டர் விலகும். கறுப்பு வட்டத்தின் மொத்த விட்டமே 59.5 மில்லிமீட்டர் என்பதால், நடுவில் விழ வேண்டியது கறுப்பின் விளிம்புக்கே போய்விடும். மாறாக, இரு குறிகளும் ஒழுங்காக ஒன்றியிருக்க, கை மட்டும் அப்படியே ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட்டும் ஐந்தே மில்லிமீட்டர்தான் நகரும். பத்துப் புள்ளி தரும் நடு வளையமான பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் ஆகையால், அது அப்போதும் பத்துதான். நம் ஐந்து காசு நாணயம்கூட அந்த வளையத்துக்குள் அடங்காது என்பதை நினைத்தால், கை ஆடுவதற்கு இவ்வளவு சலுகை கிடைப்பது பெரிய தாராளம். கை ஆடட்டும், குறிகள் ஒன்றைவிட்டு ஒன்று ஆடக் கூடாது என்று பயிற்றுநர் காலையில் சொன்னதைத்தான் மாமா மாலையில் நிறுவியிருந்தார். ஆனால் அதைத் தானே கண்டுபிடித்த முகபாவத்தில் இருந்தார். நான் குறுக்கிடவில்லை.

முன்குறியைப் பார்ப்பது என்று முடிவான பிறகுதான், அது அவருக்குத் தெரியவே இல்லை என்பது தெரியவந்தது. அவர் அணிந்திருந்தது தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் ஒரே வில்லையில் மேலும் கீழுமாக அமைந்த கண்ணாடி. முன்குறி தெளிவாகத் தெரியும் இடத்தைத் தேடி அவர் தலையைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க, முகவாய் உயர்ந்து, கழுத்து விறைத்து, ஏதோ விருது வாங்கப்போகும் தோரணை வந்துவிட்டது. எனவே பிரிக்பீல்ட்சில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடையில் இருந்த இளம்பெண், "அங்கள், படிக்கவா, கார் ஓட்டவா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லம்மா. கை நீட்டினா கைக்குக் கொஞ்சம் அப்பால், ஏறத்தாழ ஒரு மீட்டர்ல தெரியணும்" என்றார் மாமா. கணினிக்கா என்றதற்கு, "இல்ல, துப்பாக்கிக்கு" என்று சாவகாசமாகப் பதில் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஒலிம்பிக் என்றேன். அவர் இன்னும் ஒரு முறை என்னைப் பார்த்தார். பின்னர் உள்ளேயிருந்து முதலாளி வந்து, தூரப்பார்வை அளவோடு 0.50 அல்லது 0.75 கூட்டிய தனி வில்லை போதும், முன்குறியும் தெரியும், இலக்கும் முற்றிலும் காணாமல் போகாது என்று விவரம் தெரிந்தவராகப் பேசியதும்தான் கடையில் இயல்பு நிலை திரும்பியது.

கண் சரியானதும் பழி விரலுக்கு வந்தது. மாமாவின் ஓட்டைகள் எல்லாம் இலக்கின் இடது கீழ்ப்பக்கமாகவே சரிந்துகொண்டிருந்தன. வலக்கைக்காரர் தொடக்கத்தில் விசையை அமுக்காமல் வெடுக்கென்று இழுத்தால் பெரும்பாலும் அங்கேதான் போகும். மாமா இதை ஏற்காமல், முதலில் குளிர்சாதனக் காற்றைக் காரணம் காட்டினார். நான்கு பக்கமும் சுவர் உள்ள கூடத்தில் அந்த வாதம் எடுபடவில்லை. அடுத்துத் தொந்தியைக் காரணம் காட்டி, உடலின் எடை முன்னால் இருப்பதால் சமநிலை கெடுகிறது என்றார். அதற்குப் பயிற்றுநர், 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாத வயிற்றோடு நின்று காற்றுத் துப்பாக்கி சுட்டார் என்று மட்டும் நினைவூட்டினார். தொந்தி அன்றோடு வழக்கில் இருந்து விடுவிக்கப்பட்டது.

பிறகு பயிற்றுநர் ஒரு சின்ன வேலை செய்தார். பெல்லட்டைத் தானே இட்டுத் தருவதாகச் சொல்லித் துப்பாக்கியை வாங்கி, சில முறை இட்டும் சில முறை இடாமலும் திருப்பிக் கொடுத்தார். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று மாமாவுக்குத் தெரியாது. வெறுமையாக இருந்த ஒரு முறை, உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் குழல்வாய் இடது கீழ்ப்பக்கம் பணிவாகக் கும்பிடு போட்டது. அங்கே நின்ற நாங்கள் எல்லாரும் பார்த்தோம், மாமாவும் பார்த்தார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அது கருவியோட தப்பு இல்ல" என்று, துறைசார்ந்த நேர்மையோடு பதிவு செய்தார். அவர் செய்துகொண்டிருந்தது இதுதான்: ஆடும் கையில் கறுப்பு வட்டத்தின் நடுப்பகுதி முன்குறியின் மேல் வந்து போகும் கணத்தில் அதைப் பிடித்துவிட எண்ணி விரலை வெடுக்கென்று இழுப்பது. மூளை "இப்போது" என்று சொல்லி விரல் அதைக் கேட்பதற்குள் கை வேறெங்கோ போயிருக்கும். "பெலான்-பெலான், அங்கள்", அதாவது மெதுவாக, மெதுவாக என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான். குறிகளைப் பார்த்துக்கொண்டே விரல் சீராக அழுத்திக்கொண்டு வர வேண்டும். வெடிப்பு எப்போது வந்தாலும் அது சுடுபவருக்கே சற்று எதிர்பாராததாக இருக்க வேண்டும்.

திருகாணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்குறியில் இருக்கும் இரண்டு சிறு திருகாணிகளைக் கண்ட நாள் முதல், ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு எதையாவது திருப்ப வேண்டும் என்று மாமாவின் விரல்கள் துடித்தன. ஓட்டைகள் ஓரிடத்தில் கூடட்டும், கூடிய பிறகு அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்தலாம் என்று சொல்லி, பயிற்றுநர் திருப்புளியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து வினாடி போல் ஆகியும் சுட முடியவில்லை என்றால் கையைத் தாழ்த்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்ற விதியும் மாமாவுக்குக் கசந்தது. உயர்த்திய கையைச் சுடாமல் இறக்குவதை, அனுமதி கிடைத்த வேலையை முடிக்காமல் கோப்பை மூடும் குற்றமாகவே அவர் கருதினார். போட்டியில் அறுபது குண்டுகளுக்கு 75 நிமிடம், அதாவது ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம் இருக்கிறது என்று நான் கணக்குச் சொன்ன பிறகே கொஞ்சம் இளகினார். கணக்கு என்றால் அவர் இளகாமல் இருக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை, மாமாவின் அட்டையில் ஓட்டைகள் நான்கு மூலைகளுக்கும் பாகுபாடின்றிப் பங்கிடப்பட்டிருந்தன. பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் புதிய அட்டை ஒன்றைத் திருப்பி மாட்டினார். வெற்றுப் பக்கம், வட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. "எங்கே சுடணும்?" என்று மாமா கேட்டார். நடுவாகத் தோன்றும் இடத்தில் என்றார் பயிற்றுநர். எல்லைக்கல் இல்லாத நிலத்தில் இறக்கிவிடப்பட்ட நில அளவையாளருக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் போகவே, வேறு வழியின்றி முன்குறியைப் பார்த்தார். பிடிப்பதற்குப் பத்தாம் வளையம் எதுவும் ஓடவில்லை. ஆகவே விரலும் அவசரப்படவில்லை. ஐந்து குண்டுகள் போயின. பயிற்றுநர் அட்டையைக் கழற்றி, அச்சிட்ட அட்டை ஒன்றை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கூட்டம் நடுவுக்குச் சற்று மேலே இருந்தது. ஆனால் ஐந்தும் அந்த 59.5 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்கியிருந்தன. பயிற்றுநர் சட்டைப் பையில் இருந்து திருப்புளியை எடுத்து மாமாவிடம் நீட்டினார். பட்டம் வாங்குகிறவர்கூட அத்தனை மரியாதையோடு கை நீட்டமாட்டார்.

அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமா அத்தையிடம் காட்டினார். அத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் தாள்ல ஓட்டை போடுறதுக்கா இவ்வளவு காசு கட்டுனீங்க?" என்று கேட்டார்.

அடுத்த வகுப்பில் கறுப்பு வட்டம் திரும்பி வந்தது. ஓட்டைகளும் பழைய மூலைகளுக்குத் திரும்பின. இப்போதெல்லாம் முதல் பாதி நேரம் வெற்று அட்டை, மறுபாதி அச்சிட்ட அட்டை என்று பயிற்சி நடக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறுகச் சிறுகக் குறைந்துவருகிறது. ஆனால் அந்த வேகம் மாமாவுக்குப் போதவில்லை. மியூனிக்கில் உள்ள பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு, 60 வயதைக் கடந்தவர்கள் இலக்கு அட்டையின் பின்பக்கத்தைப் பயன்படுத்த அனுமதி கோரி, அரசாங்கக் கடித நடையில், பத்திகளுக்கு எண் இட்டு, வரைபடத்தோடு ஒரு மனு தயாராகியிருக்கிறது. பெரிய போட்டிகளில் இப்போது மின்னணு இலக்குதான், அதற்குப் பின்பக்கமே கிடையாது என்று நான் சொன்னேன். மாமா ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்போ நாலாம் பத்தியை மாத்து" என்றார். தட்டச்சு வேலையும் என்னுடையதுதான்.