மண்டைக்காடு முதல் சங்குமுகம் வரை

திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளத்துக்கு லீவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் குடியிருக்கும் எனக்கு அது பெரிய ஆதங்கம். இந்தக் கரையில் கடலையும் சாமியையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் சென்னையிலிருந்து வந்த அத்தை குடும்பத்தை இந்தத் தடவை முதலில் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுக்குத்தான் கூட்டிப்போனேன்.

பகவதி அம்மன் அங்கே புற்று வடிவில் இருக்கிறாள். ஏறக்குறைய 15 அடி உயரம். மாசிக் கொடைத் திருவிழாவின் 10 நாளும் கேரளத்துப் பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்று பெயர். நாங்கள் போனது சாதாரண வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் கூட்டம் குறைவில்லை. பூக்கடை அம்மச்சி அத்தையின் கையில் பூவைக் கொடுத்துவிட்டு, “மக்ளே, கடல்ல கால நனச்சுட்டு வா, அப்பொறம் அம்மைய கும்பிடலாம்” என்றார். கோயிலை ஒட்டியே கடல். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை அலையில் நின்றார். கால் மணலோடு வந்தே தரிசனம். அத்தைக்குப் பல வருடமாகத் தலைவலி. அதற்காக மண்டையப்பம் நேர்ந்துகொண்டார். அரிசி மாவும் வெல்லமும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் நிவேதனம் அது. தலைநோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் அம்மனுக்குப் படைப்பார்கள்.

மறுநாள் கேரளப் பக்கம். செங்கல் மகேஸ்வரம் கோயிலின் 111 அடி சிவலிங்கத்துக்குள் ஏறி இறங்கினோம். பூவாறில் நெய்யாறு கடலோடு சேரும் பொழிமுகம் வரை படகில் போனோம். குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு ஆழிமலை. விழிஞ்ஞத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாறை மேல் 58 அடி உயரத்தில் கங்காதரேஸ்வரர், சடையில் கங்கையோடு அமர்ந்திருக்கிறார். கீழே அலை பாறையில் மோதித் தெறிக்கிறது. உப்புத்துளி முகத்தில் படுகிறது. கங்கையைத் தலையில் தாங்கியவருக்குக் கடலே இடைவிடாமல் அபிஷேகம் செய்கிறது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: போட்டோவுக்காகப் பாறைகளில் இறங்காதீர்கள். வழுக்கும், கடலும் இங்கே முரடு. குளிக்க ஆசையென்றால் கோவளம் போங்கள், அங்கேயும் காவலர் காட்டும் இடத்தில் மட்டும்.

அப்புறம் அனந்தபுரி, அதாவது திருவனந்தபுரம். பத்மநாப சுவாமி கோயிலில் ஆண்கள் வேட்டியோடு, மேல்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும். பெண்களுக்குப் புடவை நல்லது. நம்மாழ்வார் பாடிய திவ்யதேசம். ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால் மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகம், நடுவில் நாபிக்கமலம், கடைசியில் திருவடி. 18 அடி நீளப் பெருமாளை ஒரே பார்வையில் யாராலும் பார்த்து முடிக்க முடியாது. வரிசை நகரச் சொல்லும். திருவடி வாசலில் மட்டுமாவது ஒரு நொடி கூடுதலாக நின்றுவிடுங்கள்.

இந்தப் பெருமாளும் கடலுக்கு வருகிறவர்தான். பங்குனியிலும் ஐப்பசியிலும் உற்சவம் முடியும் நாளில் ஆறாட்டு, அதாவது சாமியின் புனித நீராட்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவர் வாளேந்தி முன்னே நடக்க, உற்சவ மூர்த்திகள் சங்குமுகம் கடற்கரைக்குப் புறப்படுவார்கள். வழியில் விமான நிலையம். ஓடுபாதை வழியாகத்தான் ஊர்வலம் போகும். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைப்பார்கள். அந்தி நேரத்தில் சங்குமுகத்தில் கடல் நீராட்டு.

லீவைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் இந்த ஆறாட்டுக் கணக்கைப் பார்த்து ரயில் டிக்கெட் போடுங்கள். ஜூன், ஜூலை வேண்டாம். மழையும் கொந்தளிப்புமாக இருக்கும். ஆறாட்டு அன்று சாயங்காலம் கூட்டம் நெரியும். மதியமே போய் மணலில் இடம் பிடித்துக்கொண்டால் குழந்தைகளும் பெருமாளைப் பக்கத்தில் பார்க்கலாம்.