மஞ்சள் பூவும் தப்பான பெயரும்

கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூல் கையில் இருந்தால் எந்தச் செடிக்கும் பெயர் கிடைத்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினேன். கிடைக்கவும் செய்தது. தொல்லையே அதுதான்.

குமரி மாவட்டத்தில் வாய்க்கால் கரைச் செடிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு கரை முழுக்க மஞ்சள் பூ. எதிரெதிர் இலை, தரையோடு படர்ந்த தண்டு, கணுவுக்குக் கணு வேர். நூல் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் கொண்டுபோய் நிறுத்தியது. உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரும் எழுதிவிட்டேன்.

பேராசிரியர் லென்ஸைத் தொடவே இல்லை. "மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒட்டிய பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்" என்றார். வைத்தேன். அதன் இலை ஒடுக்கமானது, சொரசொரப்பானது. என்னுடையது அகலம். அடியிலிருந்த இரண்டு இலைகள் பக்கத்துக்கொரு மடல் பிரிந்து மூன்று முனையாக இருந்தன. பூச்சி கடித்தது என்று நான் ஒதுக்கியிருந்த இலைகள்!

வந்திருந்தது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்றது. நர்சரிகளில் தரையை மூட விற்கிறார்கள். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிள் நூலில் அது கிடையாது. ஆனால் 'இது என்னிடம் இல்லை' என்று நூல் சொல்லாது. கிட்டத்து உறவின் பெயரைக் கொடுத்து அனுப்பிவிடும்.

நட்டு வளர்ப்பதைப் பதிவில் சேர்க்க முடியாது, தானாகப் பரவியிருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க, வாய்க்கால் நீரோட்டத்துக்கு எதிராக நடந்தோம். ஒரு பங்களாவின் மதிலுக்கு வெளியே, கத்தரித்துக் கொட்டிய தண்டுக் குவியல் வேர்விட்டுத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கு விதைகூட வேண்டாம், ஒரு துண்டுத் தண்டு போதும்.

திரும்பும்போது ஓர் அம்மா அதையே மடியில் பறித்துக்கொண்டிருந்தார்.

"கரிசாலைதானே மக்களே?"

இல்லை என்று இலையைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் பழையது எங்கே போயிற்று?"

படர்ந்து கிடந்ததைக் கையால் விலக்கி, இருட்டும்வரை தேடினோம். மதகுக்குப் பக்கத்தில், கல்லிடுக்கில், கையகலத்துக்கு இருந்தது. எதற்கும் மாதிரி எடுக்காமல் நகரவிடாத பேராசிரியர், "இதற்குப் படம் போதும்" என்றார்.